நாலு டிஸ்க்கில் ரெண்டு

— தொடாதீங்க அண்ணி! கையை எடுங்க, கையை எடுங்க!

— துணியைத்தான் எடுக்கப் போனேன் தம்பி. நீ கத்துற கத்துல எனக்கு இருக்குற கொஞ்ச நஞ்சத் தொண்டையும் அடைச்சுப் போச்சு.

— நீங்க பேசவே கூடாது. நாளன்னிக்கு ஆபரேஷன் பண்ற தொண்டை. அதுவரைக்கும் சைகையிலயே பேசுங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— சைகையில எப்படிப்பா சண்டை போடறது? இது பிழைக்குமா, பிழைக்காதா? அதைச் சொல்லு. சுருக்காச் சொல்லு.

— பொறுங்க, பொறுங்க. முதல்ல நீங்க சொல்லுங்க. வீட்டு ஃபைலெல்லாம் சேத்து வெக்கிற இந்தப் பெட்டிக்கு எதுக்கு முக்காடு போட்டிருக்கீங்க? என்ன, வெக்கப்படுதா?

— ஆரஞ்சு கலர்ல ஒரு வெளிச்சம் மினுக்கு மினுக்குன்னுச்சு. கண்ணைக் குத்துச்சு. மூடி வெச்சேன்.

— எப்போலேருந்து?

— எட்டு மாசம் இருக்கும்.

— எட்டு மாசமா! டிஸ்க் போனா இது பீப் பீப்னு கத்தணுமே அண்ணி. கத்தலையா?

— கத்துச்சு. நான்தான் வாயை அடைச்சேன்.

— என்னது?

— அப்படிப் பாக்காதே. நான் பாடம் வாசிச்சுப் பதிவு பண்றப்போ குறுக்க குறுக்க கத்துது. “இதயத்திற்கு நான்கு அறைகள் உள்ளன”ன்னு வாசிக்கிறேன், பீப்புங்குது. நாலு தடவை மறுபடி வாசிச்சேன், நாலு தடவையும் பீப். கண்ணு தெரியாத பிள்ளைங்க தம்பி, காதை நம்பித்தான் படிக்குதுங்க. அதுங்க காதுல போய் இந்தச் சத்தத்தை ஊத்தறதா? பின்னால ஒரு சின்னப் பட்டன் இருந்துச்சு. அமுக்கினேன், அடங்கிருச்சு. சரியாயிருச்சுன்னு விட்டுட்டேன்.

— நல்லா விட்டீங்க. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். நாளைக்கே லிஃப்ட்ல அபாய மணி அடிச்சா, மணியைக் கழட்டி வெளிய வெச்சுட்டு உள்ள ஏறி நிப்பீங்க போல. அண்ணன்கிட்டயாவது சொன்னீங்களா?

— உங்க அண்ணனா? ரயிலை ஓட்டிட்டு வந்து விழுந்தாருன்னா மறுநாள் மத்தியானம்தான் எந்திரிக்கிறாரு. வீட்டுல எது கத்தினாலும் அவருக்குத் தண்டவாளச் சத்தம்தான் கேக்கும். திட்டறதுன்னா அப்புறம் சேத்துத் திட்டு. இப்போ என்ன ஆச்சு இதுக்கு?

— சொல்றேன். இதுல நாலு டிஸ்க் இருக்கு. லிஃப்டைத் தாங்குற நாலு கயிறுன்னு வெச்சுக்கங்க. நீங்க வாசிச்ச எந்தப் பாடமும் ஒரே டிஸ்க்குல முழுசா இல்ல. துண்டு துண்டா நாலுலயும் பிரிஞ்சு கிடக்கு. ஒண்ணு போனா மிச்சம் மூணும் சேர்ந்து, போன துண்டு என்னவா இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லிரும். அண்ணன் அப்படித்தான் அமைச்சிருக்காரு.

— அப்போ பயமில்லையே.

— ஒண்ணு போனா பயமில்ல. அது எட்டு மாசம் முன்னாடியே போய்ச் சேர்ந்துருச்சு. இப்போ ரெண்டாவதும் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. காதை வெச்சுக் கேளுங்க. டக்... டக்... டக். படிக்க முடியாம மறுபடி மறுபடி அதே இடத்துக்குப் போயிட்டு வருது. அதுவும் நின்னுட்டா, மிச்ச ரெண்டும் கல்லு மாதிரி இருந்தும் பிரயோஜனமில்ல. ஒரு பாடம்கூட முழுசா வராது.

— ஆண்டவனே. அதான் புது டிஸ்க் வாங்கிட்டு வந்திருக்கியே, அதை மாட்டிவிடு.

— எல்லாரும் அங்கதான் தப்பு பண்றாங்க. புதுசை மாட்டின உடனே இந்தப் பெட்டி பழைய மூணையும் ஆதியோட அந்தமா படிச்சு, அதைப் புதுசுல எழுத ஆரம்பிக்கும். ஒரு நாள் பூரா ஓடும். மூச்சு வாங்கிட்டுக் கிடக்குறவனை எழுப்பி, பத்து மாடி படியேறுன்னா ஏறுவானா? மூணாவது மாடியில உக்காந்துருவான்.

— ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா?

— ஆஃப் ஆகும். ஆன் ஆகும்னு என்னால சொல்ல முடியாது.

— பின்ன என்னதான் பண்றது?

— படுத்தவனைப் படுக்க வெச்சே கேட்டுக்கணும். எது ரொம்ப முக்கியமோ அதை மட்டும் முதல்ல, வெளியே தனியா மாட்டியிருக்குற இந்த டிஸ்க்குக்கு எடுத்துரணும். மூச்சு இருக்குற வரைக்கும் வரும். எது முதல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? அறிவியல். இருபத்திரெண்டு பாடம்.

— மத்த பாடமெல்லாம்?

— அதெல்லாம் பள்ளிக்கூடத்துல கார்டுல இருக்காம். அறிவியல் மட்டும் அவங்க கம்ப்யூட்டர் கெட்டப்போ அதோட போயிருச்சு. டீச்சரம்மா போன் பண்ணி, “உங்ககிட்ட இருக்குல்ல?”ன்னாங்க. “இருக்கு, நாளைக்கே அனுப்பறேன்”னு பெரிய இவளாட்டம் சொல்லிட்டேன். பன்னெண்டு பிள்ளைங்க. பதினாறு நாள்ல பரிட்சை. அனுப்பலாம்னு திறந்தா இது இப்படி முனகுது.

— சரி. அந்த டேபிள் ஃபேனை இப்படித் திருப்புங்க, பெட்டி மேல படட்டும். சூடு ஏறக் கூடாது. ம், அப்படித்தான். இதோ, முதல் பாடம் கிளம்பிருச்சு.

— எவ்வளவு நேரம் ஆகும்?

— நல்லா இருந்தா ஒரு நிமிஷத்துல மொத்தப் புத்தகமும் வந்துரும். இப்போ ஒரு பாடத்துக்கு நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். நடுவுல சிக்கினா எவ்வளவுன்னு சொல்ல முடியாது.

— ஆண்டவனே, இதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் மூச்சைக் குடு.

— டிஸ்க்குக்கெல்லாமா வேண்டுவீங்க?

— ஏன், அவன் காதுக்கு எது சின்னது? நீ வேலையைப் பாரு.

— வந்துருச்சு, ஒண்ணு. ரெண்டு போகுது. நீங்க வெந்நீர் குடிங்க. பேசாம இருங்க.

— பாப்பாவைப் பள்ளிக்கூடத்துலேருந்து யாரு கூட்டிட்டு வர்றா?

— நாலு மணிக்கு நான் போகணும். இன்னைக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன். அதுவும் எந்நேரமும் பெரியம்மா வீடு, பெரியம்மா வீடுன்னுதான் நிக்குது. இங்கயே கூட்டிட்டு வரேன்.

— கூட்டிட்டு வா. ஆறு வயசுக்கு என்ன பேச்சுப் பேசுது! போன வாரம் என்னைக் கேக்குது, “உங்க குரல் ரிப்பேர் ஆனா எந்தக் கடையில குடுப்பீங்க பெரியம்மா?”ன்னு.

— லிஃப்ட்காரன் பொண்ணு, வேற எப்படிக் கேக்கும்? ஏழு... ஏழு முடிஞ்சுது அண்ணி. எட்டுல கொஞ்சம் திணறுது. வா ராசா, வா. ஒரு எட்டு வை.

— டிஸ்க்கோட பேசறவன் என்னைச் சொல்ல வந்துட்டான்.

— வந்துருச்சு! எட்டு. இப்படியே போனா நாலு மணிக்குள்ள புத்தகத்தை முடிச்சுரலாம்.

— தம்பி, இந்த ஓரத்துல என்ன, உன் பேர்ல ஒரு ஃபோல்டர்?

— எது? அதுவா. அது ஒண்ணுமில்ல. பழைய படம்.

— நூத்தி நாப்பது ஃபைல்னு போட்டிருக்கு.

— அப்படியா. ஒம்பது கிளம்பிருச்சு, பாத்தீங்களா?

— நான் உன்னைத்தான் பாக்குறேன். என்ன படம்?

— பாப்பா பொறந்ததுலேருந்து அவ எடுத்தது. பாப்பா தவழ்றது, பாப்பா விழறது. அவ பின்னாலேருந்து பேசிக்கிட்டே எடுப்பா. உங்களுக்குத் தெரியாததா?

— சின்னவ எடுத்ததா? அதெல்லாம் உன் போன்ல இருக்குன்னுதானே சொன்னே?

— இருந்துச்சு.

— இருந்துச்சுன்னா?

— மழைக்காலத்துல லிஃப்ட் குழியில தண்ணி நின்னுச்சு. உள்ள இறங்கினேன், பாக்கெட்லேருந்து விழுந்துருச்சு. விடுங்க. அண்ணன் வீட்டுப் பெட்டியில இருக்கு, அதுல நாலு டிஸ்க் இருக்கு, என்ன ஆயிரப் போகுதுன்னு இருந்துட்டேன்.

— அப்போ சின்னவ குரல் இந்த உலகத்துல வேற எங்கயும் இல்ல.

— பத்து கிளம்பிருச்சு அண்ணி.

— நிறுத்து.

— நடுவுல நிறுத்தக் கூடாது.

— நிறுத்துன்னு சொன்னேன். சின்னவ போன இந்த ஒண்ணரை வருஷத்துல அதைத் திறந்து பாத்தியா?

— இல்ல.

— ஏன்?

— ஏன்னா என்ன சொல்றது. பாப்பா கேக்குது, “அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?”னு. கொஞ்சம் பெரியவளாகட்டும், காட்டறேன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள எனக்கும் தைரியம் வந்துரும்னு நெனச்சேன். பாப்பாவைச் சாக்கு வெச்சு நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன். போதுமா?

— போதும். பாடத்தை நிறுத்திட்டு அதை எடு.

— மாட்டேன். பன்னெண்டு பிள்ளைங்க பரிட்சை அண்ணி.

— எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணும் எந்த வரிசையில உக்காரும்னு சொல்வேன்.

— நீங்க முதல்ல கேட்டது பாடம். பாடம் முடியட்டும், டிஸ்க்குக்கு மூச்சு மிச்சமிருந்தா என்னோடது வரட்டும். வராட்டி வராம போகட்டும். போனவ போயிட்டா. படிக்கிற பிள்ளைங்க இருக்குதுங்க.

— தத்துவம் பேசாதே, எனக்குக் கோவம் வருது. நான் சொல்றதைக் கேளு. அறிவியல் புத்தகம் கடையில கிடைக்குமா, கிடைக்காதா?

— கிடைக்கும்.

— அதை வாய் இருக்குறவங்க யாராவது வாசிக்கலாமா, கூடாதா?

— யாரு வாசிப்பாங்க? போன வாரம்தானே சொன்னீங்க, உங்களுக்குப் பதிலா வாசிக்கச் சொல்லிக் கேட்டவங்க எல்லாம் நேரமில்லைன்னுட்டாங்கன்னு.

— கேக்காதவங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க! வீடு வீடாப் போறேன். ஒரு ஆளுக்கு ஒரு பாடம்னு கெஞ்சறேன். குரல் இல்லாட்டி சிலேட்டுல எழுதிக் காட்டிக் கெஞ்சறேன். பாடத்துக்கு வேற வழி இருக்கு தம்பி. சின்னவ குரலுக்கு வேற வழி இருக்கா? எந்தக் கடையில கிடைக்கும், சொல்லு.

— அண்ணி, நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க.

— குடுத்த வாக்கை நான் பாத்துக்கறேன். ஒரு பிள்ளை அம்மா குரலைக் கேக்குது. அதை என் வீட்டுப் பெட்டியில வெச்சு, மணியையும் நானே அடைச்சு, இன்னைக்கு அதைக் கடைசி வரிசையில நிக்க வெக்கறதா? நாளைக்கு ஆண்டவன் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்? நீ நிறுத்தறியா, நானே எதையாவது அமுக்கட்டுமா?

— அமுக்காதீங்க! நீங்க அமுக்கின வரைக்கும் போதும். பத்தாவது முடியற வரைக்குமாவது பொறுங்க.

— பொறுத்தேன்.

— முடிஞ்சுது. பத்துப் பாடம் பத்திரம். பன்னெண்டு பாக்கி. மறுபடி கேக்கறேன் அண்ணி, நல்லா யோசிச்சுத்தான்...

— நான் யோசிச்சாச்சு. நீ எடு.

— எடுக்கறேன். இது பெருசு, படம் எல்லாம். ஒண்ணரை மணி நேரமாவது ஆகும்.

— ஆகட்டும். அந்தப் புத்தகத்தை எடு. பாடம் பதினொண்ணுலேருந்து நான் வாசிக்கறேன், நீ இதைப் பாத்துக்கோ.

— அண்ணி, உங்க கையைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். வாசிச்சீங்கன்னா ஆபரேஷன் பண்ணியும் குரல் திரும்பாது. அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? குடுங்க, நான் வாசிக்கறேன்.

— நீயா? வாசி, பாப்போம்.

— “தாவரங்களில்... நீரானது... வேர்த்தூவிகளின்... வழியாக... உறிஞ்ச... உறிஞ்சப்பட்டு...”

— ஐயோ, சிரிக்க வெக்காதே, வலிக்குது! லிஃப்ட் மாதிரியே வாசிக்கிறியேப்பா. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போகுது.

— கதவு திறந்து மூட வேண்டாமா? ஆனா வாசிப்பேன் அண்ணி. ராத்திரி பகலா பழகி வாசிப்பேன். கேலி பண்ணிக்கங்க.

— கேலி இல்ல தம்பி. நீ வாசி. நின்னு நின்னு போனாலும் மேல போய்ச் சேருதில்ல, அது போதும். வாசி.

— “...உறிஞ்சப்பட்டு, தண்டின் வழியாக இலைகளைச் சென்றடைகிறது.” எப்படி?

— ஒண்ணரை மணி நேரமாத் திரும்பத் திரும்ப வாசிச்சு, இலை வரைக்கும் வந்துட்டே. மணி மூணேகால் ஆகுது. அது எவ்வளவுல நிக்குது?

— நூத்தி முப்பத்தி ஒண்ணு. சத்தம் அதிகமாயிருச்சு. நூத்தி முப்பத்தி அஞ்சு. இருங்க. முப்பத்தி ஒம்பது. நாப்பது. வந்துருச்சு அண்ணி. அவளோடது எல்லாம் வந்துருச்சு.

— ஆண்டவனே, உனக்குக் கோடி நன்றி. அழுதியானா நானும் அழுவேன், தொண்டைக்கு ஆகாது. பாடத்துக்குப் போ. பதினொண்ணு.

— பதினொண்ணு கிளம்பிருச்சு. ம்... திணறுது. வா ராசா... வா... அண்ணி.

— என்ன, சத்தம் நின்னுருச்சு?

— நின்னுருச்சு. பெட்டியில விளக்கு சிவப்பாயிருச்சு. போயிருச்சு அண்ணி.

— மறுபடி ஒரு தடவை பாரேன்.

— பாத்துட்டேன். இனிமே இதை எந்தப் பெட்டியில மாட்டினாலும் எந்திரிக்காது. தூசி இல்லாத அறையில வெச்சுத் திறந்து எடுக்குற ஆளுங்க இருக்காங்க. அனுப்பி வெச்சா ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும்.

— பரிட்சை பதினாறு நாள்ல.

— நான் அப்பவே சொன்னேன். பாடத்தை முதல்ல முடிச்சிருந்தா...

— முடிச்சிருந்தா இப்போ சின்னவ குரல் போயிருக்கும். அந்தப் பேச்சை விடு. நான் வருத்தப்படலை, நீயும் படாதே. பன்னெண்டு பாடம் பாக்கி. பன்னெண்டு ஆளைப் பிடிக்கணும். நீ ஒருத்தன். உங்க அண்ணன் ஒருத்தர், தூங்குறப்போ எழுப்பி உக்கார வெக்கறேன். மேல் வீட்டு நர்ஸ் பொண்ணு ஒண்ணு. மருந்துக் கடைக்காரரு நல்லா ராகமாப் பேசுவாரு, அவரு ஒண்ணு. ஒரு காகிதம் எடு, எழுது.

— எழுதறேன். அதுக்கு முன்னாடி, வந்த ஃபைல் ஒழுங்கா வந்திருக்கான்னு பாத்துரணும். கடைசியா வந்ததுதான் பழுதாகியிருக்கும், அதைத் திறந்தாத் தெரிஞ்சுரும். ஆனா அண்ணி... அது அவளோடது.

— தெரியும். நான் பக்கத்துலதான் இருக்கேன். திற.

— இதென்ன, இது படமே இல்ல. குரல் மட்டும். இந்த மாதிரி கடைசியில நிறைய இருக்கு, இருபதுக்கு மேல இருக்கும். பேர் வெக்கலை, தேதி மட்டும் போட்டிருக்கா. நான் இதைப் பாத்ததே இல்லையே.

— என்ன தேதி?

— ஆஸ்பத்திரிக்குப் பக்கம்னு உங்க வீட்டுல வந்து படுத்திருந்தாளே, அந்த அஞ்சு மாசம். எல்லாமே அந்த மாசங்கள்தான். என்னவா இருக்கும்? எனக்கு ஏதாவது சொல்லி வெச்சிருப்பாளோ? அண்ணி, என்னால முடியலை. நீங்க அமுக்குங்க.

— குடு, கையை எடு. கேளுப்பா.

— “ம், ஓடுது... பிள்ளைங்களா, இன்னையோட புத்தகம் முடியுது. அக்கா கடைக்குப் போற நேரமாப் பாத்து வாசிச்சது, அங்கங்க அவசரமா இருக்கும், மூச்சும் வாங்கும், பொறுத்துக்கங்க. அவங்க இப்பவே ரொம்ப இருமறாங்க. என்னைக்காவது அக்காவால முடியாமப் போனா, அன்னைக்கு நீங்க யாரும் பாடமில்லாம நிக்கக் கூடாது, அதுக்குத்தான் இது. அறிவியல். பாடம் இருபத்திரெண்டு.”